சாட்சிக் கூண்டில் சிரித்தவள்

மார்ச் 9

தங்கைக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கக் கை வரவில்லை. நீ போனில் கூப்பிட்டதையெல்லாம் பார்த்தேன். எடுத்திருந்தால் கத்தியிருப்பேன். கத்தினால் எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். மறுநாள் பேருந்து நிலையத்தில் மைக்கைப் பிடித்து 'பயணிகளின் கனிவான கவனத்துக்கு' என்று ஆரம்பித்தால் கனிவே இல்லாமல் கரகரவென்று வரும். உன்னால் என் பிழைப்பும் கெட வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை எங்கள் அலுவலகத்து ஆட்களை அழைத்துக்கொண்டு எவ்வளவு பெருமையாக வந்தேன் தெரியுமா? 'அந்தப் பழைய நீதிமன்றத்தைச் சுத்திக் காட்டுறது என் கூடப் பிறந்தவதான்' என்று ஒரு வாரமாக எல்லோர் காதிலும் ஓதிக்கொண்டிருந்தேன். நீயும் குறை வைக்கவில்லை. நீதிபதியின் நாற்காலி, தரைக்கு அடியிலிருந்து கைதியை நேரே மேலே கூட்டி வரும் குறுகல் படி, வக்கீல்கள் கை ஊன்றி ஊன்றித் தேய்ந்துபோன மேசை விளிம்பு, எல்லாவற்றையும் நீ சொன்ன விதத்தில் எங்கள் டைம்கீப்பர் ஒரு கொட்டாவிகூட விடவில்லை. அவர் தன் கல்யாணத்திலேயே தூங்கி வழிந்த மனுஷன்.

அப்புறம் சாட்சிக் கூண்டுக்கு முன்னால் வந்து நின்றாய். 'இந்தக் கூண்டில எத்தனையோ பேர் அழுதிருக்காங்க, பொய் சொல்லியிருக்காங்க, மயங்கி விழுந்திருக்காங்க. ஒரே ஒரு பொம்பளை மட்டும் சிரிச்சா. எப்படிச் சிரிச்சா தெரியுமா?' என்று கேட்டுவிட்டு, ஒரு கையை இடுப்பில் வைத்து, முதலில் விக்கல் மாதிரி ஒரு இழுப்பு இழுத்து, அப்படியே மேலே மேலே ஏற்றிச் சிரித்துக் காட்டினாய். கூட்டமே குலுங்கிச் சிரித்தது. நீதிபதி நிறுத்து என்றாராம், அவள் சிரித்தாளாம். மேசையைத் தட்டினாராம், இன்னும் சிரித்தாளாம். 'கோர்ட் கலையிற வரைக்கும் அந்த பெஞ்சுல உக்காரு' என்று தண்டனை கொடுத்தாராம், அங்கேயும் போய்ச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாளாம். 'இந்த மண்டபத்தில சந்தோஷமா தண்டனை அனுபவிச்ச ஒரே ஆள் அவங்கதான்' என்று முடித்தாய். டைம்கீப்பர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்கள் டிக்கெட் கவுண்டர்காரர் என் தோளைத் தட்டி, 'உங்க தங்கச்சி பிரமாதம்' என்றார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

பெற்ற தாயை நாற்பது பேர் நடுவில் நிறுத்திச் சிரிப்பு மூட்ட உனக்கு எப்படியடி மனசு வந்தது? அதுவும் அவள் சிரிப்பையே, அந்த இழுப்பு முதற்கொண்டு, அச்சு அசலாக. நீ ஏற்பாடு செய்து வைத்திருந்த டீயைக்கூடக் குடிக்காமல் நான் ஏன் பஸ்ஸில் போய் உட்கார்ந்தேன் என்று இப்போது தெரிந்திருக்கும்.

கொஞ்ச நாளைக்கு வீட்டுப் பக்கம் வராதே. அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

உன் அக்கா

—

மார்ச் 14

அக்கா,

உன் கடிதத்தை வேலைக்கு நடுவில் பிரித்தேன். படித்து முடித்ததும் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் அது எந்த பெஞ்சு என்று உறைத்தது. எழுந்து வெளியே போய்விட்டேன்.

அது அம்மாவா?

நீ நம்புவாயோ மாட்டாயோ, எனக்குத் தெரியாது அக்கா. எனக்கு முன்னால் இங்கே வழிகாட்டியாக இருந்தவர் ஓய்வு பெறும்போது என்னென்ன சொல்ல வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். அவருக்கு அவருக்கு முந்தியவர் சொன்னது. அதில் இதுவும் ஒன்று. பெயர் கிடையாது, என்ன வழக்கு என்றுகூடக் கிடையாது. 'சிரிச்ச பொம்பளை' என்றுதான் எங்களுக்குள் பேச்சு. அவர் அதை இரண்டு வரியில் சப்பென்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். சிரித்துக் காட்டுவதைச் சேர்த்தது நான்தான். சிரிப்பு என்றால் எனக்கு எந்தச் சிரிப்பு தெரியும்? பிறந்ததிலிருந்து வீட்டில் கேட்ட சிரிப்புதான். தெருவில் போகிற நாய் துரத்தினால் அம்மா சிரிப்பாளே, அதைத்தான் எடுத்தேன். ஆள் யாரென்றே தெரியாமல் அவள் சிரிப்பை அவளுக்கே வைத்திருக்கிறேன்.

ஆனால் எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. இது உனக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு இந்த வேலை கிடைத்த அன்று அம்மா என் முகத்தைக்கூடப் பார்க்காமல் 'நல்ல இடமா?' என்று கேட்டாளே, அப்போதாவது யாராவது ஒருவர் வாய் திறந்திருக்கலாம் இல்லையா? வீட்டில் எந்த விஷயமும் எனக்குக் கடைசியில்தான் வந்து சேரும். இது வந்தே சேரவில்லை. பிறகு மனசு எப்படி வந்தது என்று என்னைக் கேட்கிறாய்.

இன்று வந்த கூட்டத்துக்கு அந்தக் கதையைச் சொல்லவில்லை. 'இது சாட்சிக் கூண்டு' என்றேன். பார்த்தார்கள், நகர்ந்தார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அங்கே என்னவோ நடந்திருக்கிறது, நடந்தது நம் அம்மாவுக்கு. அதை ஒரு சிரிப்புக் கதையாகவும் விட மாட்டேன், ஒன்றுமே நடக்காத மாதிரி துடைத்துப்போடவும் மாட்டேன். என்ன நடந்தது என்று எழுது. சரியாகச் சொல்கிறேன்.

உன் தங்கை

—

மார்ச் 19

தங்கைக்கு,

தெரியாது என்கிறாய். நம்புகிறேன். நம்பிவிட்ட பிறகும் கோபம் போகவில்லை, அதை யார் மேல் இறக்கி வைப்பது என்றுதான் தெரியவில்லை. உன்னிடம் சொல்லாமல் விட்டது எங்கள் தப்புதான். 'அவளுக்குத் தெரிய வேண்டாம், அவ பொறக்கிறதுக்கு முன்னாடி நடந்தது' என்று அம்மாதான் சொல்லி வைத்தாள். அவள் சொன்னால் அப்பா மறுபேச்சு பேச மாட்டார் என்பது உனக்குத் தெரியாததா?

ஆனால் 'சரியாகச் சொல்கிறேன்' என்கிறாயே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சரியாகச் சொன்னால் என்ன, தப்பாகச் சொன்னால் என்ன? டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு அம்மாவைக் காட்ட நமக்கு யார் உரிமை கொடுத்தது? அவள் யாரையும் சொல்லச் சொல்லிக் கேட்கவில்லை. அந்தக் கதையை எடுத்துவிடு. பேச்சு முடிந்தது.

முடியவில்லை, இன்னொரு தலைவலி வந்திருக்கிறது. எங்கள் பகுதி மூத்தோர் மன்றத்தில் அடுத்த மாதம் இருபதாம் தேதி சுற்றுலா. எங்கே தெரியுமா? உன் மண்டபத்துக்குத்தான். அம்மா போய் முதல் ஆளாகப் பேர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். கால் வலிக்கும் என்றேன், வெயில் என்றேன், பஸ்ஸில் குமட்டும் என்றேன். 'என் பொண்ணு வேலை பாக்கிற இடத்தை நான் பாக்கக் கூடாதா?' என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது கிடையாது. உன்னைப் பார்க்க வரும்போதெல்லாம் ஆட்டோக்காரரை வேறு தெரு வழியாகத்தான் போகச் சொல்வாள். நீ கவனித்திருக்க மாட்டாய்.

அவள் அந்தக் கூண்டுக்கு முன்னால் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, அந்தச் சிரிப்பை உன் வாயால் கேட்கப் போகிறாளா? நான் உயிரோடு இருக்கும்வரை அது நடக்காது. அன்றைக்கு நீ லீவு போடு. இல்லை என்றால் நான் அம்மாவை வீட்டில் வைத்துப் பூட்டுவேன்.

அக்கா

—

மார்ச் 23

அக்கா,

லீவு போட மாட்டேன். கேள், பிடிவாதத்துக்குச் சொல்லவில்லை. நான் லீவு போட்டால் அன்றைக்குச் சுற்றிக் காட்டப்போகிறவர் என்னோடு வேலை செய்கிற இன்னொரு வழிகாட்டி. அவரும் அதே கதையைத்தான் சொல்வார். கூட்டம் ரசிக்கிறது என்று பார்த்து என்னிடமிருந்து அந்தச் சிரிப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். கேட்கச் சகிக்காது. சொல்ல வேண்டாம் என்றால், 'அதை எடுத்துட்டா அப்புறம் என்னத்தைக் காட்டுறது, தூசியையா?' என்கிறார்.

அதனால் அம்மா வரும் அன்று நான்தான் இருக்க வேண்டும். எனக்கு என்ன நடந்தது என்று தெரிந்தால்தான், எதைப் பேசக் கூடாது, எந்த இடத்தில் நிற்கக் கூடாது என்றாவது தெரியும். கண்ணைக் கட்டிக்கொண்டு அம்மாவை உள்ளே கூட்டிப் போகச் சொல்கிறாயா? எழுது.

வீட்டில் வைத்துப் பூட்டுவாயாம். நம் அம்மாவை. உனக்கே சிரிப்பு வரவில்லையா?

தங்கை

—

ஏப்ரல் 1

தங்கைக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். இது நாலாவது. அம்மா பக்கத்து வீட்டில் டிவி பார்க்கப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் முடிக்க வேண்டும்.

அம்மா அப்போது துணி தைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். மாடிக் கட்டடம். தைத்த துணி மூட்டைகளைக் கீழே இறக்க ஒரு சரக்கு லிப்ட். ஆட்கள் அதில் ஏறக் கூடாது என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். ஆனால் மூட்டையோடு கூடவே போய் இறக்கி வைக்காவிட்டால் ஏச்சு விழும். அதனால் எல்லோரும் ஏறுவார்கள். அந்த லிப்டின் இரும்புக் கதவு கொக்கியில் மாட்டாமல் ஆடிக்கொண்டே இருக்கும், திறந்தபடியே லிப்ட் நகர்ந்துவிடும்.

அம்மாவுக்கு அடுத்த மெஷினில் ஒருத்தி இருந்தாள். நல்ல உயரம். அம்மாவோ நாலடிக்குக் கொஞ்சம் மேலே. அதனால் அந்த இடத்தில் எல்லோரும் அவர்களை நெட்டை, குட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிடுவார்கள், ஒன்றாக வீடு திரும்புவார்கள். என் தலையைப் பிடித்து இழுத்து இறுக்கிப் பின்னி விடுவாள் நெட்டை, கண்ணே மேலே ஏறிக்கொள்ளும். ஒரு நாள் மூட்டையோடு அந்த லிப்டில் ஏறினாள். கதவு திறந்தபடி நகர்ந்தது. அவள் விழுந்துவிட்டாள். அதற்கு மேல் நான் எழுத மாட்டேன்.

அவள் கவனக்குறைவாகத் தானே கதவைத் திறந்தாள் என்றது நிர்வாகம். மேனேஜர் மேல் வழக்கு. கதவு பழுது என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தார்களா என்பதைப் பொறுத்துதான் வழக்கே. சொன்னது அம்மா. மற்றவர்கள் வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டார்கள். அம்மா மட்டும், 'நான் வந்து சொல்றேன்' என்றாள். நீ அப்போது அவள் வயிற்றில் இருந்தாய். ஒத்திகைக்காக அப்பா வீட்டில் வக்கீல் மாதிரி இடுப்பில் கை வைத்து நின்று கேள்வி கேட்பார், அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே டாண் டாண் என்று பதில் சொல்வாள்.

எனக்குப் பதினோரு வயது. அப்பா என்னையும் கூட்டிப்போனார். கூண்டில் ஏறினாள் அம்மா. பேர், ஊர், வேலை எல்லாம் சரியாகச் சொன்னாள். அப்புறம் அரசுத் தரப்பு வக்கீல் கேட்டார்: 'லிப்ட் கதவு சரியா மூடலைன்னு நீங்க யார்கிட்ட சொன்னீங்க?' ஒரே ஒரு கேள்வி. அம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். மேனேஜர் நேர் எதிரே உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அந்த இழுப்பு வந்தது.

அம்மாவுக்குப் பயம் வந்தால் சிரிப்புதான் வரும் என்பது நமக்குத் தெரியும். பெரியப்பா செத்த வீட்டில் துண்டை வாயில் திணித்துக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடினாளே. நீதிபதிக்கு எப்படித் தெரியும்? 'இது என்ன விளையாட்டா?' என்று அதட்டினார். அதட்ட அதட்டச் சிரிப்பு கூடியது. எல்லோரும் சிரித்தார்கள், மேனேஜர்கூட. நான் கீழே இருந்து பார்த்தபோது கூண்டுக் கம்பிகளுக்கு இடையில் அவள் கை தெரிந்தது. கூண்டின் கைப்பிடிக் கட்டையை எப்படிப் பிடித்திருந்தாள் தெரியுமா? விரலெல்லாம் வெளுத்துப்போய் இருந்தது. மேலே சிரிப்பு, கீழே அந்தக் கை. கோர்ட் கலையும்வரை அந்த பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அங்கேயும் அவளுக்கு நிற்கவில்லை. சந்தோஷமா தண்டனை அனுபவிச்ச ஆள் என்று சொன்னாயே.

மறுபடி ஒரு நாள் கூப்பிடுவார்கள் என்று அப்பா சொன்னார். கூப்பிடவில்லை. 'பொறுப்பில்லாத சாட்சி' என்று தீர்ப்பில் ஒரு வரி. மேனேஜர் வெளியே வந்துவிட்டார். நெட்டையின் அம்மா நம் வீட்டு வழியே போகும்போது தலையைத் திருப்பிக்கொண்டு போவார். அம்மா ஜன்னலைச் சாத்திவிடுவாள்.

இப்போது சொல், இதையா மைக் பிடித்துச் சொல்லப்போகிறாய்?

அக்கா

—

ஏப்ரல் 6

அக்கா,

மைக் உன்னுடையது, என்னுடையது வெறும் தொண்டைதான். இப்படிச் சீண்டினால்தான் என்னால் மேலே எழுத முடிகிறது, பொறுத்துக்கொள்.

நேற்று எல்லோரும் போன பிறகு நீதிபதியின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். அங்கிருந்து கூண்டில் இருப்பவரின் முகம் மட்டும்தான் தெரியும். பக்கப் பலகை மறைக்கும், கை தெரியாது. கீழே பொதுமக்கள் வரிசையிலிருந்து பார்த்தால்தான் நீ சொன்ன மாதிரி கம்பி வழியாகக் கை தெரிகிறது. இத்தனை வருஷம் ஆயிரம் பேரை இங்கே நிற்க வைத்து 'நாற்காலியைப் பாருங்கள், மரவேலையைப் பாருங்கள்' என்றிருக்கிறேன். அங்கிருந்து எது தெரியாது என்று ஒரு தடவை பார்க்கத் தோன்றவில்லை.

அப்புறம் கூண்டில் ஏறி நின்றேன். நானும் அங்கே நின்றிருக்கிறேன் அல்லவா, அம்மா வயிற்றுக்குள் இருந்தபடி? எனக்கு அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது. உனக்குச் சொன்னதில்லை, இந்த வேலைக்கு நேர்காணலில் முதல் கேள்விக்கே எனக்கு அந்த இழுப்பு வந்துவிட்டது. 'கலகலப்பான பெண்' என்று வேலையைக் கொடுத்தார்கள். அதே மண்டபம், அதே சிரிப்பு. அவளை உட்கார வைத்தார்கள், எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். எனக்கு அழுகை அழுகையாக வந்தது அக்கா.

நீ ஜெயித்தாய். இருபதாம் தேதி கூண்டைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன். அம்மா வந்து, பார்த்து, டீ குடித்துவிட்டு வீடு திரும்புவாள். என்னோடு வேலை செய்கிறவரிடமும் சண்டை போட்டுவிட்டேன். இனிமேல் அந்தச் சிரிப்பை எந்தக் கூட்டத்துக்குக் காட்டினாலும் நான் நடுவில் வந்து நிற்பேன் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறார். திரியட்டும்.

நீயும் கூட வா. எனக்குத் தனியாகப் பயமாக இருக்கிறது. நான் பயந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும்.

தங்கை

—

ஏப்ரல் 16

தங்கைக்கு,

என்னால் வர முடியாது. என்னோடு மாற்றி மாற்றி அறிவிப்பு செய்கிறவளுக்குக் குரலே போய்விட்டது. லீவு கேட்டதற்கு, 'பஸ்ஸுங்க தானா வந்து தன் பேரைச் சொல்லிக்குமா?' என்கிறார் மேலதிகாரி.

கவனமாகக் கேள். அம்மாவைக் கூட்டத்தின் நடுவில் நிற்க வை, ஓரத்தில் விடாதே. கூண்டுக்குப் பக்கத்தில் வந்ததும் எல்லோரையும் அண்ணாந்து கூரையைப் பார்க்கச் சொல். வயசானவர்கள் அண்ணாந்தால் கழுத்து வலிக்கும், அடுத்த இடத்துக்குப் போகலாம் என்று அவர்களே சொல்வார்கள். அம்மா ஏதாவது கேட்டால் சீக்கிரம் பதில் சொல்லிவிடு, யோசிக்காதே. நீ யோசித்தால் அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

அவள் நல்ல செருப்பைத் துடைத்து வைத்திருக்கிறாள். வெளியூருக்குப் போகிற மாதிரி இல்லை, எங்கேயோ ஆஜராகப் போகிற மாதிரி இருக்கிறாள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அக்கா

—

ஏப்ரல் 21

அக்கா,

அம்மா வீட்டுக்கு வந்து உன்னிடம் எதுவும் சொல்லவில்லை என்று நேற்று செய்தி அனுப்பியிருந்தாய். 'நல்லாருந்துச்சு' என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாளா? சரி, நான் சொல்கிறேன். உட்கார்ந்து படி.

நீ சொன்னபடியே எல்லாம் செய்தேன். மன்றச் செயலாளர் ஒருவர் கழுத்தில் விசிலோடு வந்திருந்தார், ஆட்டு மந்தை மாதிரி எல்லோரையும் ஓட்டிக்கொண்டிருந்தார். அம்மாவை நடுவில் நிறுத்தினேன். நாற்காலியைக் காட்டினேன், படியைக் காட்டினேன். கூண்டுக்குப் பக்கத்தில் வந்ததும், 'கூரையைப் பாருங்க, எவ்வளவு உயரம்' என்றேன். எல்லோரும் அண்ணாந்தார்கள். அம்மா மட்டும் அண்ணாந்து பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

'அவ்வளவுதானா?' என்றாள்.

'என்னம்மா?'

'இங்க ஒருத்தி சிரிச்சாளாமே. அதை நீ நல்லா சொல்லுவியாமே. டிக்கெட் கவுண்டர்காரர் சொன்னாரு.'

அக்கா, நம் இரண்டு பேருக்கும் மூளையே இல்லை. உன் டிக்கெட் கவுண்டர்காரர் உன்னிடம் இரவல் வாங்கிய குடையைத் திருப்பிக் கொடுக்க வந்தாராம். நீ வேலையில் இருந்தாயாம். அம்மாவிடம், 'உங்க சின்னப் பொண்ணு என்னமா சிரிச்சுக் காட்டுனாங்க' என்று ஆரம்பித்து, முழுக் கதையையும் நடித்தே காட்டிவிட்டுப் போயிருக்கிறார். அம்மா அவருக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டு, மறுநாள் காலையில் மன்றத்துக்குப் போய்ப் பேர் கொடுத்திருக்கிறாள். நீயும் நானும் அவளுக்குத் தெரியக் கூடாது என்று கடிதம் கடிதமாக எழுதிக்கொண்டிருந்தோம்.

'அம்மா, நான் தெரியாம...' என்று இழுத்தேன். 'அது இருக்கட்டும். கதவைத் திற' என்றாள். கூண்டைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறதே, யாரையும் உள்ளே விடக் கூடாது. காவலாளி 'மேடம், மேடம்' என்று ஓடி வந்தார். நான் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் அவிழ்த்தேன், சும்மா சொல்லவில்லை.

ஏறி நின்றாள். கட்டை அவள் நெஞ்சு உயரத்துக்கு வந்தது. கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை, ஏதோ படம் எடுத்துக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்து இரண்டு பேர் போனை எடுத்தார்கள். அம்மா என்னைப் பார்த்து, 'கேளு' என்றாள். 'அவர் கேட்டாரே, அதையே கேளு. உங்க அக்கா சொல்லியிருப்பா.'

நான் கேட்டேன். 'லிப்ட் கதவு சரியா மூடலைன்னு நீங்க யார்கிட்ட சொன்னீங்க?'

அவளுக்கு இழுப்பு வந்துவிட்டது. அதே சிரிப்பு, உடம்பெல்லாம் குலுங்கக் குலுங்க. மூத்தோர் மன்றம் முழுக்கச் சேர்ந்து சிரிக்க ஆரம்பித்தது. ஆனால் நான் இந்த முறை கீழே, பொதுமக்கள் பக்கம் நின்றேன். கையைப் பார்த்தேன். நீ எழுதியது எழுதியபடி இருந்தது. எனக்கு அவளை இறக்கிக் கூட்டிக்கொண்டு ஓடிவிடலாம் போல இருந்தது. செயலாளர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, 'நேரமாகுது, அடுத்த இடத்துக்குப் போலாம்' என்றார்.

அம்மா ஒரு கையை மட்டும் கட்டையிலிருந்து எடுத்து உயர்த்தினாள். 'இருங்க. சிரிச்சு முடிச்சுட்டுச் சொல்றேன்' என்றாள், சிரிப்புக்கு நடுவிலேயே.

'சார், இருங்க. சாட்சி இன்னும் முடிக்கலை' என்றேன் நான். அவர் விசிலை எடுத்துவிட்டார்.

காத்திருந்தோம். வேறு ஒன்றும் செய்யவில்லை அக்கா, சும்மா காத்திருந்தோம். மற்றவர்கள் சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது. அவளுடையது மட்டும் கொஞ்ச நேரம் தனியாக ஓடியது. ஒரு அம்மாள், 'பாவம், பயப்படுறாங்க போல' என்றார் மெதுவாக. நீதிபதிக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு அம்மாவுக்கும் நின்றது. மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

'மேனேஜர்கிட்ட சொன்னேன்' என்றாள். 'அவரோட ரூமுக்கே போய் சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன். இதுதான் பதில். அன்னிக்குச் சொல்ல வேண்டியது.'

அப்புறம் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். 'என் சிரிப்பைச் சொல்றீங்க, சரி. செத்தது யாருன்னு ஒருத்தரும் சொல்றதில்லையே. அந்தக் கேஸ் நெட்டையோடது. என்னோடது இல்லை' என்றாள். இறங்குவதற்குக் கை கேட்டாள். கொடுத்தேன். டீ குடித்தாள், இரண்டு பிஸ்கட் சாப்பிட்டாள், பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

காவலாளி என்னைப் பற்றிப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை விசாரணை. நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. இனிமேல் கூண்டுக்கு முன்னால் நெட்டையைப் பற்றித்தான் சொல்வேன், எழுதிக் கொடுத்து அனுமதி கேட்கப்போகிறேன். ஆனால் அவளைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? உயரம், உன் தலையை இறுக்கிப் பின்னினாள், அவ்வளவுதான். அம்மாவைக் கேட்டு எழுது.

தங்கை

—

ஏப்ரல் 26

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தை அம்மாவிடமே கொடுத்துவிட்டேன். ஒளித்து வைத்து இனி என்ன ஆகப்போகிறது? முழுக்கப் படித்தாள். 'கடிதம் கடிதமா எழுதுனீங்களாக்கும்' என்று என்னைப் பார்த்தாள். நான் தொண்டை கட்டியிருப்பதாகச் சொன்னேன்.

பிறகு, 'பேனாவை எடு' என்றாள். அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். அவள் வார்த்தையில் நான் கை வைக்கவில்லை.

'நெட்டை நல்லாத் தைப்பா. எங்க ரூம்லயே காலர் அவ தைச்சாத்தான் சுருங்காம நிக்கும். சத்தமாப் பாடுவா, ராகம் வராது. கோவிச்சுக்கிட்டா ஒரு நாள் பேச மாட்டா, மறுநாள் அவளே சாப்பாட்டு டப்பாவைத் தள்ளி வைப்பா. அவ கவனக்குறைவா ஏறலை. கதவு சரியில்லைன்னு அவளுக்கும் தெரியும். நான் ரெண்டாவது தடவை போய்ச் சொன்னப்ப அவளும் கூட வந்தா. மேனேஜர் எங்களைப் பாத்து, "பயமா இருந்தா வீட்டில உக்காந்து தைங்க" அப்படின்னாரு. அவளுக்கு ரோஷம் வந்துடுச்சு. அன்னிக்கு மத்தியானம் மூட்டையை எடுத்துக்கிட்டு ஏறுனா. நான் போகாதேன்னேன். அவ கேக்கலை. இதுதான் நடந்தது. இதுக்கு மேல எனக்குத் தெரியாது. தெரியாததை நான் சொல்லலை.'

இவ்வளவுதான் என்றாள். பிறகு, 'எங்கே, படிச்சுக் காட்டு' என்றாள்.

மைக்குக்கு முன்னால் படிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தேன். ஒரு இடத்தில் என் குரல் உடைந்தது, அவள் பொறுத்துக்கொண்டாள். முடித்ததும், 'சரியா இருக்கு' என்று சொல்லிவிட்டுப் பேனாவைக் கேட்டாள். கீழே இருப்பது அவள் கையெழுத்து.